மேனேஜருக்கு வயிறு சரியில்லை

எங்கள் வீட்டில் மூன்று பேர். நான் பகலில் வேலைக்குப் போகிறவள். அவர் ராத்திரி வேலைக்குப் போகிறவர். மூன்றாமவன் வேலைக்கே போகாதவன். ஆனால் வீடு முழுக்க ஒரு சுற்று வந்து, பாத்திரம் கவிழ்த்திருக்கிறதா, துணி மடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எதிலும் திருப்தியில்லாத முகத்தோடு போய்ப் படுத்துக்கொள்வான். அதனாலேயே அவனுக்கு மேனேஜர் என்று பெயர் வந்தது. சாம்பல் நிறம், சரிந்த தொப்பை, ஒரு காதில் நுனி கிழிசல். பூனைதான். அந்த விஷயத்தை அவனிடம் யாரும் சொன்னதில்லை.

நான் சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கிங் மேஜையில் நிற்கிறேன். காலர் கோணலா, பட்டன் உறுதியா, நூல் எங்காவது தொங்குகிறதா என்று பார்ப்பது என் வேலை. அவர் பிளாஸ்டிக் வாளி செய்யும் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறார். அச்சு திறக்கும், கையை உள்ளே விட்டுச் சூடான வாளியை எடுக்க வேண்டும், அச்சு மூடும். ராத்திரி முழுக்க இதுதான். கல்யாணமான புதிதில், அவர் பக்கத்து மெஷின்காரர் பகலில் சரியாகத் தூங்காமல் வந்து, ஒரு நொடி கண் அசந்து, இரண்டு விரலை அச்சுக்குள் விட்டுவிட்டார். அன்று காலை இவர் வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல், தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது நாங்கள் ஒரு சட்டம் போட்டோம். தூங்குகிறவரை எழுப்பக் கூடாது. வீடே பற்றி எரிந்தாலும் முதலில் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் எழுப்ப வேண்டும்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வாசல் மணியின் ஒயரைப் பிடுங்கிவிட்டோம். என் லீவு நாளில்கூட குக்கர் வைக்க மாட்டேன், விசில் வருமே. அவர் படுக்கும்போது போனை அணைத்துவிடுவார். மாடி வீட்டு அக்காவிடம் போய், நாற்காலியை இழுக்காமல் தூக்கி வையுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவரும் சளைத்தவரில்லை. அவருடைய லீவு நாள் ராத்திரிகளில் பழக்க தோஷத்தால் தூக்கம் வராது. என் தூக்கம் கெடும் என்று விளக்கைக்கூடப் போடாமல் சமையலறையில் மேனேஜரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிரியத்தினால் போட்ட சட்டம் அது. இப்போதும் அதைத்தான் சொல்வேன்.

மற்றபடி எங்கள் குடித்தனம் நடந்ததெல்லாம் வாசற்படியில்தான். காலையில் அவர் ஷூவைக் கழற்றும்போது நான் செருப்பை மாட்டுவேன். சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றும்போது அவர் ஷூவை மாட்டுவார். கேஸ் தீர்ந்துவிட்டது, சோறு மூடி வைத்திருக்கிறேன், பார்த்துப் போ. இதற்குமேல் பேச நேரமிருக்காது. எங்கள் லீவு நாளும் ஒன்றாக வந்ததில்லை. எங்கள் இரண்டு பேரையும் விழித்திருக்கும்போது ஆற அமரப் பார்த்தவன் மேனேஜர் ஒருவன்தான். நான் வரும்போது அவன் அவருடைய கால்மாட்டில் கிடந்தால், அவர் நன்றாகத் தூங்கியிருக்கிறார் என்று தெரிந்துகொள்வேன். ஜன்னலில் உட்கார்ந்திருந்தால், புரண்டு புரண்டு படுத்து அவனை விரட்டியிருக்கிறார் என்று அர்த்தம். அவன் மூலமாகத்தான் என் புருஷனோடு நான் வாழ்ந்துகொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் கம்பெனியிலும் சரி, அவருடைய கம்பெனியிலும் சரி, முதலுதவிப் பெட்டியில் ஒரே ஒரு மாத்திரைதான் இருக்கும். வெள்ளையாக, வட்டமாக, நடுவில் ஒரு கோடு. தலைவலி என்று போனாலும் அதுதான், காய்ச்சல் என்று போனாலும் அதுதான், வயிற்று வலிக்கும் அதுதான். பொண்டாட்டியோடு சண்டை என்று சொன்னாலும் அதைத்தான் கொடுப்பார்கள் என்று அவர் கேலி செய்வார். போட்டுக்கொண்டு மெஷினுக்குத் திரும்பிவிட வேண்டும். அவர் சட்டைப் பையிலும் என் கைப்பையிலும் அது எப்போதும் இருக்கும். நாங்கள் டாக்டரிடம் போய் வருஷக்கணக்காகிறது.

மேனேஜருக்கு வயிறு கெட்டது மாடி வீட்டு அக்கா போட்ட மீனால். அக்கா நல்ல மனசுக்காரி. நல்ல மனசுக்காரர்களுக்குத்தான் ஊசிப்போனதைக்கூடக் கொட்ட மனசு வராது, யார் தலையிலாவது கட்டிவிடுவார்கள். அன்று சாயங்காலம் கதவைத் திறந்ததுமே நாற்றம் குடலைப் பிடுங்கியது. சமையலறை மூலையில் ஒன்று, பாய்க்குப் பக்கத்தில் ஒன்று, இவருடைய யூனிஃபார்ம் சட்டை மேல் ஒன்று. மேனேஜர் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் போய் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். அவ்வளவு சுத்தக்காரன்.

அவர் எழுந்து வந்து பார்த்தார். இரண்டு பேரும் முட்டி போட்டுத் தரையைத் துடைத்தோம். அவர் சட்டையைத் தூக்கிப் பிடித்து, "மேனேஜருக்கு என் மேல ஏதோ கோவம். நேரா யூனிஃபார்ம்லயே மெமோ குடுத்துட்டான்" என்றார். நான் சிரித்தேன். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று அப்போது தோன்றியது. அதற்குள் அவருக்கு நேரமாகிவிட்டது. ஈரச் சட்டையையே மாட்டிக்கொண்டு ஓடினார்.

மறுநாள் வேலை முடிந்ததும் வீட்டுக்கு வந்து, அவனைத் துணிக்கூடையில் போட்டுக் கால்நடை டாக்டரிடம் தூக்கிப்போனேன். டாக்டரம்மா இளவயசு. வயிற்றை அமுக்கிப் பார்த்தாள், தோலைக் கிள்ளிப் பார்த்தாள், ஒரு ஊசி போட்டாள்.

"பயப்பட ஒண்ணும் இல்லீங்க. கண்டதத் தின்னிருக்கான். இந்தப் பவுடர தண்ணியில கலக்கி அப்பப்ப குடுங்க. பால் வேண்டாம். உப்புப் போடாம கோழிய வேகவெச்சு, பிச்சுக் கொஞ்சமா வைங்க. ரெண்டு மூணு நாள்ல எந்திரிச்சு ஓடுவான்."

நான் அந்தப்படியே செய்தேன். ஊசியில்லாத சிரிஞ்சில் பவுடர் தண்ணீரை இழுத்து, கன்னத்தின் ஓரமாக விட்டு, அவன் விழுங்கும்வரை தொண்டையைத் தடவிக்கொடுத்தேன். வாலடியில் ஒட்டிக் காய்ந்திருந்ததை வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்தேன். யார் என்னைத் தொட்டது என்கிற மாதிரி முறைத்தான். முறைக்கத் தெம்பு வந்துவிட்டதே என்று எனக்கு சந்தோஷம். விடிந்ததும் கோழியை நாலு வாய் தின்றான். பிறகு ஒரு காலைத் தூக்கி நக்கத் தொடங்கினான். பூனை நக்க ஆரம்பித்துவிட்டால் பாதி பிழைத்த மாதிரி.

காலையில் அவர் வந்து படியேறும்போதே கேட்டார். "எப்படி இருக்கான்?"

"தேவல. இப்பதான் மருந்து குடுத்தேன். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். நிம்மதியாப் படுத்துத் தூங்குங்க."

ஒண்ணும் பண்ண வேணாம் என்று சொன்னது அவர் தூக்கத்துக்காகத்தான். டாக்டரம்மா சொன்னதையெல்லாம் விவரமாகச் சொல்லியிருக்கலாம். பஸ் வந்துவிடும் என்று ஓடினேன்.

கம்பெனியில் மனசு ஒட்டவில்லை. கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால் வீட்டுக்குப் பேசவும் முடியாது. கையில் இருந்தால் மட்டும் என்ன, அவர்தான் அணைத்துவைத்திருப்பாரே. ஒரு சட்டையில் பட்டனே இல்லை. அதைப் பார்க்காமல் அனுப்பியிருக்கிறேன். சூப்பர்வைசர் வந்து கத்தினார். அதே சாக்கில் லீவு கேட்டேன்.

"மாமியாருக்கு வயித்தால போகுதுங்க சார். வீட்ல பாக்க ஆள் இல்ல."

என் மாமியார் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிறது. லீவுக்காக அவ்வப்போது அவரை எழுப்பிக் கொண்டுவருவேன். உயிரோடு இருந்தபோது எனக்கு அவர் இந்த அளவு உதவியதில்லை. சூப்பர்வைசர் முணுமுணுத்துக்கொண்டே அரை நாள் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது நடுப்பகல். சத்தமில்லாமல் சாவி போட்டுத் திறந்தேன். அவர் பாயில் குப்புறக் கிடந்தார், குறட்டை சீராக வந்துகொண்டிருந்தது. கால்மாட்டில் மேனேஜர் இல்லை. ஜன்னலிலும் இல்லை. தொட்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன்.

முதலில் அவனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. முகம் வீங்கி, கண் இடுங்கிப்போயிருந்தது. வாயைத் திறந்துகொண்டு மூச்சு விட்டான். எச்சில் ஒழுகி நெஞ்சு முழுவதும் நனைந்திருந்தது. தூக்கியபோது பாதங்களும் வீங்கியிருந்தன. உதட்டை விலக்கிப் பார்த்தேன். ரோஜா நிறத்தில் இருக்கும் ஈறு சேற்று நிறமாக இருந்தது.

அவனை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அவர் தலைமாட்டில் போய் நின்றேன். வாயைக்கூடத் திறந்துவிட்டேன். அவர் உள்ளங்கை பாயில் விரிந்து கிடந்தது. விரல்கள் அத்தனையும் முழுசாக இருந்தன. இன்றைக்கு ராத்திரியும் அவற்றை அச்சுக்குள் விட்டு எடுக்க வேண்டுமே. எழுப்பினால் மட்டும் என்ன செய்யப்போகிறார், எனக்குத் துணையாக அவரும் பதறுவார், அவ்வளவுதானே என்று நினைத்தேன். அடிமேல் அடி வைத்து வெளியே வந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, தெருவில் வண்டி பிடித்தேன்.

அவனைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறியது. மூக்கில் பிராணவாயுக் குழாயை வைத்தாள். உதட்டை விலக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"என்ன குடுத்தீங்க?"

"நீங்க குடுத்த பவுடர்தான். கோழி. வேற எதுவும் இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. காய்ச்சல் மாத்திரை, தலைவலி மாத்திரை, அந்த மாதிரி மனுஷங்க போடுறது ஏதாவது?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "பூனைக்குப் போயி அதெல்லாம் குடுக்க நாங்க என்ன கூறு கெட்டவங்களாம்மா?"

"கோவப்படாதீங்க. நல்லதுன்னு நெனச்சுக் குடுக்கறவங்கதான் நெறைய. பூனைக்கு அந்த மாத்திரை சுத்தமா ஆகாது. ரத்தமே கெட்டுப்போயிடும், இந்த மாதிரிதான் வீங்கும். அதுவா இருந்தா மாத்து மருந்து இருக்கு. பெரிய ஆஸ்பத்திரில இருந்து வரவழைக்கணும், இப்பவே ஆள் அனுப்பணும். ஏதாவது பூச்சி கடிச்சிருந்தா அதுக்கு வேற வைத்தியம். வீட்ல வேற யாரு இருக்காங்க?"

"வீட்டுக்காரரு. தூங்கறாரு."

"போன் போடுங்க."

"ஆஃப் பண்ணி வெச்சிருப்பாரு."

"அப்ப பக்கத்து வீட்ல யாரையாவது அவர எழுப்பிக் கேக்கச் சொல்லுங்க. சீக்கிரம்."

மாடி வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அக்கா குரலை இறக்கிக்கொண்டு, ஏதோ எங்கள் வீட்டுக்குள்ளேயே நிற்கிற மாதிரி கிசுகிசுத்தாள்.

"அவர எழுப்பணுமா? இந்நேரத்துலயா? ராத்திரி மெஷின்ல நிக்கறவராச்சே. நீதானடி மணி ஒயரையே புடுங்கிப் போட்டவ. தட்டட்டுமா, சொல்லு."

நான் அவனைப் பார்த்தேன். அவரை நினைத்தேன். அவர் எதுவும் கொடுத்திருக்க மாட்டார். ஒண்ணும் பண்ண வேணாம் என்று நான்தான் சொல்லிவிட்டு வந்தேனே. வந்து படுத்ததும் அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறவர். என் புருஷனைப் பற்றி எனக்குத் தெரியாதா?

"வேணாம்க்கா. தூங்கட்டும்" என்றேன்.

டாக்டரம்மாவிடம், "அவர் எதுவும் குடுக்கலீங்க, எனக்கு நிச்சயமாத் தெரியும்" என்றும் சொன்னேன். அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அலமாரியைத் திறந்து வேறு ஏதோ ஊசியை எடுத்தாள். ஆள் யாரையும் எங்கும் அனுப்பவில்லை.

மேனேஜர் என் உள்ளங்கையில் தாடையை வைத்துக்கொண்டிருந்தான். கனம் குறைந்த தாடை. மூச்சு ஒவ்வொன்றாக, யோசித்து யோசித்து வந்தது. நடுவில் ஒரு முறை கண்ணைத் திறந்து அந்த அறையைச் சுற்றிப் பார்த்தான், வழக்கமான அதே திருப்தியில்லாத முகத்தோடு. ஊசி மருந்து எதுவும் கேட்கவில்லை. சிறிது நேரத்தில் தாடை கனத்தது. டாக்டரம்மா குழாயை எடுத்துவிட்டு, "என்னன்னே பிடிபடாமப் போச்சுங்க" என்றாள். நான் ஓவென்று அழுதேன். வெளியே நாயோடு உட்கார்ந்திருந்த ஆள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு அழுதேன்.

அவரையும் கூட்டி வந்து ஒரு தடவை காட்ட வேண்டும் என்று தோன்றியது. துண்டில் சுற்றி அங்கேயே வைத்திருக்கச் சொல்லிவிட்டு, காலிக் கூடையோடு பஸ் ஏறினேன்.

வீட்டில் அவர் எழுந்து, குளித்து, யூனிஃபார்ம் போட்டு, வாசற்படியில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். முகம் தெளிவாக இருந்தது. நன்றாகத் தூங்கியிருக்கிறார்.

"மாடி வீட்டு அக்கா சொன்னாங்க, நீ டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போயிருக்கேன்னு. எங்க நம்ம ஆளு?"

"டாக்டரம்மா வெச்சிருக்காங்க" என்றேன்.

"வெச்சுப் பாக்கறதும் நல்லதுதான். காலைல நீ போனப்புறம் ரொம்ப முனகினாம்மா. பாக்க சகிக்கல. நான் படுக்கவே இல்ல, மடியிலயே போட்டு வயித்தத் தடவிட்டு இருந்தேன். அப்புறம் சட்டுனு தோணுச்சு. நம்ம மாத்திரையில பாதிய ஒடச்சுப் பொடி பண்ணி, கோழித் தண்ணியில கலந்து சிரிஞ்சுல ஊத்திட்டேன். துப்பிடுவான்னு பாத்தேன். என்ன நம்பி முழுங்கிட்டான்." சிரித்தார். "கொஞ்ச நேரத்துல கப்சிப்னு ஆயிட்டான். வலி விட்டிருக்கும். அதுக்கப்புறம்தான் நானும் படுத்தேன்."

படியின் ஓரச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கணத்தில் அவரை ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. அதே கையால் அவர் தலையை என் வயிற்றோடு அணைத்துக்கொண்டு கதற வேண்டும் போலவும் இருந்தது. தன் தூக்கத்தை விட்டுக்கொடுத்து உட்கார்ந்திருக்கிறார். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிதாக யாரும் யாருக்கும் எதையும் கொடுக்க முடியாது.

"என்ன ஒரு மாதிரி இருக்க? அவனுக்கு ஒண்ணும் இல்லயே?"

அவர் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த விரல்களைப் பார்த்தேன். இப்போது சொன்னால், இந்த விரல்கள்தான் மாத்திரையை உடைத்தன என்று ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு அச்சுக்குள் கையை விடுவார்.

"தலைவலி. அலைஞ்சதுல" என்றேன்.

"காலைல வர்ற வழியில நானே போய் அவனக் கூட்டிட்டு வந்துடறேன். நீ லீவு போடாத."

"அப்ப அங்க தெறந்திருக்க மாட்டாங்க. நீங்க வந்து தூங்குங்க. நான் பாத்துக்கறேன்."

"சரிம்மா." எழுந்து பையை எடுத்தார். தெருவில் இறங்கியவர் திரும்பி, "ஒருவேள ராத்திரி அனுப்பிட்டாங்கன்னா, மீதிப் பாதி அலமாரியில மடிச்சு வெச்சிருக்கேன். வலிச்சா குடு" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பார்த்து வேகமாக நடந்தார்.

உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தேன். எப்போது சொல்வது என்று யோசித்தேன். காலையில் சொன்னால் தூங்க மாட்டார். தூங்காமல் மெஷினுக்குப் போகக் கூடாது. சாயங்காலம் சொன்னால் அதைச் சுமந்துகொண்டு மெஷினுக்குப் போவார், அதுவும் கூடாது. நாளைக்கும் அப்படித்தான், அதற்கு மறுநாளும் அப்படித்தான். அவருடைய லீவு நாளில் நான் கம்பெனியில் நின்றுகொண்டிருப்பேன். இத்தனை வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறோம், இதைச் சொல்ல எங்களிடம் ஒரு மணி நேரம் இல்லை. ஏதோ ஒரு காலையில் வாசற்படியில் நின்று, அவன் போயிட்டான், என்னன்னே தெரியலையாம் என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடப்போகிறேன். அவர் ஒரு மாதிரி நின்றுவிட்டு, உள்ளே போய், போனை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வார். கால்மாட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். அவர் தூங்கினாரா இல்லையா என்பதைச் சொல்லவும் எனக்கு இனி ஆள் இல்லை.

தலைவலி என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன், நிஜமாகவே வந்துவிட்டது. மண்டை பிளந்தது. என் கைப்பையில் மாத்திரை தீர்ந்திருந்தது. அலமாரியைத் திறந்தேன். காகிதத்தில் அழகாக மடித்து, பாதி மாத்திரை. பொடி உதிராமல் கோட்டோடு சரியாக உடைத்திருந்தார். அதை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். கொஞ்ச நேரத்தில் வலி விட்டுவிட்டது.